கீபோர்டு செத்த மீட்புத் திரை: 2025 அக்டோபர் நிகழ்வும் தனி மீட்புப் பென்டிரைவும்

நடந்தது

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்ட நாள். அன்றைக்கே விண்டோஸ் 11க்கான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டும் வந்தது. அதன் எண் கேபி5066835. அதை ஏற்றிய 24எச்2, 25எச்2 பதிப்புக் கணினிகளில் விண்டோஸ் எப்போதும்போல ஓடியது. கீபோர்டு அடித்தது, மவுஸ் நகர்ந்தது. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தோ, விண்டோஸ் அடுத்தடுத்து எழும்ப மறுத்தோ மீட்புச் சூழலுக்குள் (விண்டோஸ் எழாதபோது பழுதுபார்க்க உதவும் நீலத் திரைக்குள்) போனவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. நீலத் திரையில் தேர்வுகள் வரிசையாக நிற்கும். யூஎஸ்பி கீபோர்டும் யூஎஸ்பி மவுஸும் எதற்கும் அசையாது. ஒரு தேர்வைக்கூடத் தொட முடியாது.

விண்டோஸ் சர்வர் 2025க்கும் இதே கதிதான். மைக்ரோசாஃப்ட் பிழையை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் வரை காத்திராமல், அக்டோபர் 20 அன்று கேபி5070773 என்ற அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. இடையில் 6 நாள்.

ஆறு நாள் பெரிதல்ல என்று தோன்றலாம். விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்குப் பெரிதல்லதான். திருத்தம் தானாக வந்து ஏறிக்கொண்டது. அந்த வாரத்தில் விண்டோஸ் படுத்துவிட்ட கணினிகளின் கதை வேறு. திருத்தத்தை ஏற்ற விண்டோஸ் ஓட வேண்டும். ஓடாத விண்டோஸைத் தூக்கி நிறுத்தத்தான் மீட்புச் சூழலே இருக்கிறது. பேக்கப் பத்திரமாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தும், அதை எடுத்துப் போடும் கதவு பூட்டிக்கொண்டது.

ஏன் அங்கே மட்டும்?

மீட்புச் சூழல் தனியான ஒரு குட்டி விண்டோஸ். ‘வின்ஆர்இ டாட் விம்’ என்ற ஒரே கோப்புக்குள் அது முழுதாக அடங்கிவிடும். வழக்கமாக டிஸ்க்கின் கடைக்கோடியில், எழுத்து எதுவும் தரப்படாத ஒரு சிறு பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் தனிப் பிரிவில்) அந்தக் கோப்பு கிடக்கும். கூப்பிட்டால் ரேமுக்குள் ஏறி எக்ஸ்: என்ற டிரைவாக நிற்கும். அதற்கென்று சொந்த டிரைவர்கள் உண்டு. சி: டிரைவில் நாம் நிறுவிய டிரைவர் எதையும் அது எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் விண்டோஸுக்குள் ஓடிய கீபோர்டு அங்கே செத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பவர் பட்டனைத் தட்டியதும் யூஎஸ்பியைக் கையாள்வது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர். அதனிடம் அதற்கான சொந்தக் கருவிகள் இருக்கின்றன. எஃப்12 அல்லது எஃப்9 அழுத்திக் கிடைக்கும் பூட் மெனுவில் கீபோர்டு ஓடுவது அதனால்தான். இயங்குதளம் பொறுப்பேற்கும் கணத்தில் ஃபர்ம்வேர் யூஎஸ்பி கன்ட்ரோலரைக் கையிலிருந்து விட்டுவிடும். அதன்பின் அந்த இயங்குதளத்தின் டிரைவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபரில் மீட்புச் சூழல் பிடிக்கவில்லை. ஆனால் பூட் மெனுவில் கீபோர்டு உயிரோடுதான் இருந்தது. ஆகவே முன்பே செய்து வைத்த பென்டிரைவைச் செருகி, மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வழி திறந்தே கிடந்தது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன மாற்று வழிகளும் இதை ஒட்டியவையே: டச் ஸ்கிரீன் இருந்தால் விரல், பிஎஸ்/2 போர்ட் இருந்தால் பழைய கீபோர்டு, இல்லையேல் முன்பே செய்த மீட்பு டிரைவ். பல மதர்போர்டுகளின் பின்புறம் ஊதாவும் பச்சையும் பாதிப்பாதியாக நிறமிட்ட ஒரு வட்டத் துளை இன்னும் இருக்கும். அதில் செருகும் கீபோர்டுக்கு வேறு டிரைவர், அது ஓடியது. பிஎஸ்/2 கீபோர்டைக் கணினி ஓடும்போது செருகினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அணைத்துவிட்டுச் செருக வேண்டும். லேப்டாப்கள் பலவற்றில் உள்கீபோர்டு யூஎஸ்பி வழியாக இணைவதில்லை. அடி அதிகம் விழுந்தது மேசைக் கணினிகளுக்கு.

இதற்கு முன்பும் ஒரு சறுக்கல்

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு கேபி5034441 வந்தது. மீட்புச் சூழல் வழியாக பிட்லாக்கரை (டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதியை) தாண்டிப் போகக்கூடிய ஓட்டையை அடைக்கும் அப்டேட் அது. அதற்கு மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. பழைய கணினிகள் பலவற்றில் அந்த இடம் இல்லை. 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டி அப்டேட் நின்றது. காலியிடம் குறைவு என்று அந்த எண் எங்கும் சொல்லாது. மைக்ரோசாஃப்ட் தந்த கைவேலை வழி இது: ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’ கொடுத்து மீட்புச் சூழலை நிறுத்த வேண்டும், ‘டிஸ்க்பார்ட்’டில் சி: டிரைவை 250 எம்பி சுருக்க வேண்டும், மீட்புப் பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாக மறுபடி உருவாக்க வேண்டும், பிறகு ‘/எனேபிள்’. இதை நடுவில் விட்டால் மீட்புச் சூழல் அணைந்த நிலையிலேயே தங்கிவிடும். ஆபத்து வரும் வரை யாருக்கும் அது தெரியாது.

உங்கள் கணினியில் நிலவரம் என்ன என்று ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ சொல்லும். ‘எனேபிள்டு’ என்று வந்தால் கோப்பு இருக்கிறது, வழி போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் பொருள். 2025 அக்டோபரில் கீபோர்டு செத்த கணினிகளும் ‘எனேபிள்டு’ என்றுதான் காட்டியிருக்கும். டிஸ்க்குக்குள் இருக்கும் மீட்புச் சூழலுக்கு இன்னொரு குறையும் உண்டு: டிஸ்க்கே செத்தால் அதுவும் சேர்ந்தே போகும். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே மாட்டி வைப்பது போல.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்

இனி வருபவை வெறும் பொதுப்பேச்சாக இராமலிருக்க ஒரு கணினியை வைத்துக்கொள்வோம். 12ஆம் தலைமுறை இன்டெல் மேசைக் கணினி, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதில் 120 ஜிபி நிரம்பியிருக்கிறது. விண்டோஸ் 11, பிட்லாக்கர் ஆன். 1 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப். ஒரு நாள் எஸ்எஸ்டி செத்துப் புதிது போட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணினியை எழுப்பும் பென்டிரைவ் நான்கு பொருள்களைக் கண்ணால் காண வேண்டும்: கீபோர்டு, புது எஸ்எஸ்டி, பேக்கப் டிஸ்க், பூட்டியிருந்தால் அதைத் திறக்கும் கருவி. இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் மீதி மூன்றால் பயனில்லை.

விண்டோஸிலேயே உள்ள ‘ரெக்கவரி டிரைவ்’ வசதியை முதலில் எல்லோரும் நாடுவார்கள். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும் டிக்கைப் போட்டால் 32 ஜிபி பென்டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது. அது விண்டோஸைப் புதிதாக நிறுவித் தரும். உங்கள் ஆவணங்களோ நிறுவிய மென்பொருள்களோ அதில் இல்லை. பேக்கப் என்று பெயர் வைத்து அலமாரியில் போட்டுவிட்டு ஏமாறுபவர்கள் ஏராளம். மேலும் அது அந்தக் கணினியின் மீட்புக் கோப்பையே நகலெடுத்துக்கொள்கிறது. கோளாறுள்ள கோப்போடு அந்த 6 நாளில் செய்திருந்தால் கோளாறும் கூடவே வந்திருக்கும். பேக்கப் மென்பொருள்கள் பலவும் தங்கள் மீட்பு டிஸ்க்கை இதே உள்ளூர்க் கோப்பிலிருந்துதான் கட்டுகின்றன. அங்கே அடித்தளத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் மைக்ரோசாஃப்டின் தனி விண்டோஸ் பிஇயை (பென்டிரைவிலிருந்தே எழும்பும் குட்டி விண்டோஸை) தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் 7 காலத்து ‘சிஸ்டம் இமேஜ்’ (டிஸ்க்கை அப்படியே ஒரு நகலாக எடுப்பது) இன்னும் கன்ட்ரோல் பேனலில் ஒளிந்திருக்கிறது. 2017லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. பழைய டிஸ்க்கைவிடச் சற்றே சிறிய டிஸ்க்கில்கூட அது இறக்காது, உள்ளே 120 ஜிபிதான் இருந்தாலும். ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ ஃபோல்டர் டிஸ்க்கின் வேரில் அதே பெயரில் இருக்க வேண்டும். நல்ல மனதோடு வேறு ஃபோல்டருக்குள் அடுக்கி வைத்தால் இமேஜே இல்லை என்று சொல்லிவிடும்.

பென்டிரைவைக் கட்டுதல்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளதெல்லாம் அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் ஏடிகே (விண்டோஸை அமைக்க உதவும் கருவித் தொகுப்பு), அதற்கான விண்டோஸ் பிஇ ஆட்-ஆன் ஆகிய இரண்டையும் இறக்குங்கள். இரண்டும் தனித்தனி நிறுவிகள். முதலாவதை மட்டும் போட்டுவிட்டுப் பிஇ எங்கே என்று தேடுவது வழக்கமான தடுமாற்றம். ஏடிகேயில் ‘டிப்ளாய்மென்ட் டூல்ஸ்’ மட்டும் டிக் செய்தால் போதும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘டிப்ளாய்மென்ட் அண்ட் இமேஜிங் டூல்ஸ் என்விரான்மென்ட்’ என்ற கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்டுக்குக் கீழே வரும் கட்டளைகள் தெரியாது. ‘காப்பிபிஇ ஏஎம்டி64 சி:\வின்பிஇ’ கொடுத்தால் அந்த ஃபோல்டருக்குள் தேவையானவை வந்து உட்காரும். ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைக்காதீர்கள்; இருந்தால் மறுத்துவிடும். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப் என்றால் ஏஎம்டி64க்குப் பதிலாக ஏஆர்எம்64.

அடுத்து, ‘மீடியா\சோர்சஸ்’ ஃபோல்டரில் உள்ள ‘பூட் டாட் விம்’ கோப்பை டிஸ்ம் என்ற இமேஜ் கையாளும் கட்டளையால், இன்டெக்ஸ் 1 என்று சொல்லி, ‘மவுண்ட்’ ஃபோல்டரில் ஏற்றுங்கள். அங்கேதான் உண்மையான வேலை நடக்கிறது. பிஇயின் மூலக்கோப்பில் பிட்லாக்கரைத் திறக்கும் ‘மேனேஜ்-பிடிஇ’ கிடையாது. ‘வின்பிஇ-டபிள்யூஎம்ஐ’, ‘வின்பிஇ-செக்யூர்ஸ்டார்ட்அப்’ ஆகிய இரு தொகுப்புகளை, இந்த வரிசையிலேயே, சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரு கேப் கோப்புகள்: மொழி சாராதது ஒன்று, ‘ஈஎன்-யூஎஸ்’ ஃபோல்டரில் உள்ளது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு டிரைவர். இந்தக் கணினிக்கு மிக முக்கியமான கட்டம் இதுதான். 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் மேசை, லேப்டாப் சிப்களில் விஎம்டி என்றொரு அடுக்கு உண்டு. பயாஸில் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில்) அது ஆன் ஆகியிருந்தால் என்விஎம்இ டிஸ்க் அதன் பின்னால் மறைந்து நிற்கும். டிரைவர் இல்லாத பிஇயில் ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால் பென்டிரைவும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் தெரியும். எஸ்எஸ்டி செத்தே போனது என்று முடிவு கட்டி, நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறிய வைக்கும் காட்சி அது.

இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் தளத்தில் கிடைக்கும் ‘செட்அப்ஆர்எஸ்டி’ கோப்பை ‘-எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்’ என்ற சேர்க்கையோடு ஓட்டினால் டிரைவர்கள் மட்டும் ஒரு ஃபோல்டரில் பிரிந்து வரும். அவற்றில் விஎம்டிக்கானது ‘ஐஏஸ்டோர்விடி டாட் ஐஎன்எஃப்’. டிஸ்மின் ‘/ஆட்-டிரைவர்’ கொடுத்து அதை இமேஜில் சேருங்கள். பேக்கப் நாஸில் (நெட்வொர்க் வழியாக அணுகும் சேமிப்புப் பெட்டியில்) இருந்தால் லேன் கார்டின் டிரைவரும் வேண்டும். பிஇயில் வைஃபையை நம்ப முடியாது, கேபிள் வேண்டும்.

விஎம்டியைப் பயாஸில் அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். டிஸ்க் தெரியும், இமேஜும் இறங்கும். ஆனால் விஎம்டியோடு பழகிய விண்டோஸ் திடீரென வேறு கன்ட்ரோலரைக் கண்டால் ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று விழக்கூடும். பேக்கப் எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவைப்பது நல்லது.

டிரைவரைப் போட்டபின் ‘/அன்மவுண்ட்-இமேஜ்’ கட்டளையோடு ‘/கமிட்’ சேர்த்துக் கொடுங்கள். ‘/டிஸ்கார்ட்’ என்று அடித்தால் இதுவரை செய்ததெல்லாம் போய்விடும். ‘மவுண்ட்’ ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்திருந்தால் இறக்கம் பாதியில் நிற்கும். ஜன்னலை மூடிவிட்டு மறுபடி கொடுங்கள்; அதற்கும் மசியாவிட்டால் ‘டிஸ்ம் /கிளீனப்-மவுண்ட்பாயின்ட்ஸ்’.

கடைசியாக ‘மேக்வின்பிஇமீடியா /யூஎஃப்டி’, பிஇ ஃபோல்டர், பென்டிரைவின் எழுத்து. இது பென்டிரைவை ஃபேட்32ஆக மாற்றி எழுதும். ஃபர்ம்வேர் நிச்சயமாகப் படிக்கும் கோப்பு முறை அது. ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது; ஆகவே இமேஜை இதே இடத்தில் வைக்க முடியாது. ஒரே பென்டிரைவில் இரண்டும் வேண்டுமானால் ‘டிஸ்க்பார்ட்’டில் 2048 எம்பி ஃபேட்32, மீதி என்டிஎஃப்எஸ் என்று இரண்டாகப் பிரிக்கலாம். நமது கணினிக்கு 1 டிபி டிஸ்க் இருக்கிறது; தேவையில்லை.

செக்யூர் பூட்டில் ஒரு தேதி

பழைய பென்டிரைவ்களை எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். கையெழுத்து சரியாக உள்ள பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் ஃபர்ம்வேர் காவல்தான் செக்யூர் பூட். பூட் கோப்புகளில் மைக்ரோசாஃப்ட் இதுவரை போட்டுவந்த கையெழுத்து 2011ஆம் ஆண்டுச் சான்றிதழின்படியானது. பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட் (விண்டோஸ் எழும் முன்பே ஓடும் தீம்பொருள்) வெளிப்பட்டபின், 2023 சான்றிதழுக்கு மாறும் வேலை நடக்கிறது. 2011 சான்றிதழ்களின் காலாவதி 2026 ஜூனிலும் அக்டோபரிலும். காலாவதி மட்டுமே பென்டிரைவை நிறுத்தாது. நிறுத்துவது தடைப்பட்டியல்: 2011 சான்றிதழை ஃபர்ம்வேரின் தடைப்பட்டியலில் ஏற்றிவிட்ட கணினியில் பழைய பென்டிரைவ் செக்யூர் பூட் பிழையோடு நின்றுவிடும். புதிய ஏடிகேயில் ‘மேக்வின்பிஇமீடியா’வுக்கு ‘/பூட்எக்ஸ்’ சேர்த்துக் கொடுத்தால் 2023 கையெழுத்துள்ள பூட் கோப்புகளைப் போடும். அது ஓட, கணினியின் ஃபர்ம்வேர் 2023 சான்றிதழை ஏற்றிருக்க வேண்டும். மாறுகிற காலம் என்பதால் கலவையான கணினிகள் இருக்கும் அலுவலகத்தில் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது வீண்செலவல்ல.

பேக்கப்பையும் அங்கிருந்தே எடுத்தால்?

பென்டிரைவைச் செய்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துத் தேடுவதுதான் வழக்கமான கதை. இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு: ஆவணங்களைத் தினமும் வழக்கம்போல நகலெடுங்கள், சி: டிரைவின் முழு இமேஜை மட்டும் மாதம் ஒருமுறை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்தே பேக்கப் டிஸ்க்கில் எடுங்கள். இமேஜ் எடுக்க முடிந்தால், கீபோர்டு ஓடுகிறது, எஸ்எஸ்டி தெரிகிறது, பேக்கப் டிஸ்க் தெரிகிறது, பிட்லாக்கர் சாவி கையில் இருக்கிறது. நான்கும் தனியாகச் சோதிக்காமலே தேறிவிடும்.

எடுக்கும் நாளில் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்து எஃப்12க்குப் போங்கள். சாதாரண ஷட்டவுன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகக் கர்னலை உறைநிலையில் விட்டுச் செல்லும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இருமுறை தெரியலாம், ஒன்று ‘யூஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டோடு. அதையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் போனால் பழைய பயாஸ் முறையில் எழும்பும். அங்கிருந்து மீட்கும்போது பூட் கோப்புகள் தப்பான வகையில் எழுதப்பட்டு விண்டோஸ் எழாது.

பிஇயில் சி: பூட்டியிருக்கும். ‘மேனேஜ்-பிடிஇ -அன்லாக் சி: -ஆர்பி’ என்று அடித்து 48 இலக்கச் சாவியை, ஆறு ஆறாகக் கோடு பிரித்து, தட்ட வேண்டும். நம்பர் லாக் அணைந்திருந்தால் வலப்பக்க எண்கள் விழாது. மேல் வரிசையைப் பயன்படுத்துங்கள். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்தக் கணக்கில் நுழையக் கேட்கும் குறியீடு எந்த போனுக்கு வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் விழுந்த 85 லட்சம் கணினிகளைப் பென்டிரைவால் எழுப்பும் கருவியை மைக்ரோசாஃப்ட் உடனே தந்தது; பிஇ வழியாகப் போனவர்கள் பிட்லாக்கர் கணினிகளில் இந்தச் சாவியைக் கேட்டுத்தான் நின்றார்கள். காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். பென்டிரைவோடு சேர்த்துக் கட்டி வைக்காதீர்கள்.

பிஇயில் எழுத்துகள் இடம் மாறும். விண்டோஸில் சி:யாக இருந்தது இங்கே டி:யாகத் தெரியலாம். ‘லிஸ்ட் வால்யூம்’ போட்டு அளவைப் பார்த்து, ‘டிர்’ போட்டு ‘யூசர்ஸ்’ ஃபோல்டர் தெரிகிறதா என்று உறுதிசெய்தபின் ‘டிஸ்ம் /கேப்ச்சர்-இமேஜ்’. ‘/கம்ப்ரஸ்:ஃபாஸ்ட்’, ‘/செக்இன்டக்ரிட்டி’ இரண்டும் சேருங்கள். பேஜ்ஃபைலையும் ஹைபர்ஃபைலையும் அது தானாகவே விட்டுவிடும். ஒன்டிரைவில் மேகத்தில் மட்டும் இருக்கும் கோப்புகள் இமேஜில் வராது. அவை டிஸ்க்கிலேயே இல்லை. இன்னொன்று: பூட்டைத் திறந்து எடுத்த இமேஜ் பூட்டில்லாதது. பேக்கப் டிஸ்க்குக்கு பிட்லாக்கர் டு கோ (வெளி டிஸ்க்குகளுக்கான பிட்லாக்கர்) போட்டுவிடுங்கள்.

மீட்கும் நாள்

செத்த எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். பழையதையும் கூடவே விட்டுவைத்தால், சி: என்ற எழுத்து பழைய பார்ட்டிஷனையே தேடிப்போய் உள்நுழைவில் தொங்கும் அபாயம் உண்டு. பேக்கப் டிஸ்க்கை இப்போதைக்குச் செருகாதீர்கள். அடுத்து வரப்போவது ‘கிளீன்’ கட்டளை. அது கேள்வி கேட்காது. டிஸ்க் 0 எப்போதும் உள் எஸ்எஸ்டிதான் என்று நம்பிப் பேக்கப்பையே துடைத்த சம்பவங்கள் குறைவல்ல. செருகாத டிஸ்க்கைத் துடைக்க முடியாது.

பிஇ எழும்பியதும் அது யூஇஎஃப்ஐ முறையில்தான் எழும்பியதா என்று பாருங்கள். ‘டபிள்யூபிஇயூடில் அப்டேட்பூட்இன்ஃபோ’ கொடுத்துவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் கிளையின் ‘பிஇஃபர்ம்வேர்டைப்’ மதிப்பைப் பார்த்தால் 1 என்றால் பயாஸ், 2 என்றால் யூஇஎஃப்ஐ.

‘டிஸ்க்பார்ட்’டில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து: ‘கிளீன்’, ‘கன்வர்ட் ஜிபிடி’. பிறகு 260 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், ஃபேட்32, எழுத்து எஸ். அடுத்து 16 எம்பி எம்எஸ்ஆர். அடுத்து மீதி முழுவதும் பிரைமரி. அதன் வாலில் 1 ஜிபி சுருக்கி விட்டுவைத்து, என்டிஎஃப்எஸ் போட்டு, எழுத்து டபிள்யூ. அந்த 1 ஜிபிதான் மீட்புப் பார்ட்டிஷன். 2024 ஜனவரியில் பட்டவர்களுக்கு ஏன் இத்தனை பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

‘எக்ஸிட்’ கொடுத்து, இப்போது பேக்கப் டிஸ்க்கைச் செருகுங்கள். நீல நிறத் துளை அல்லது வேகமான போர்ட்டில். 120 ஜிபியைச் சுழல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வினாடிக்கு 110 எம்பி வேகத்தில் படித்தால் 18 நிமிடம் போல ஆகும். யூஎஸ்பி 2 துளையில் செருகினால் வினாடிக்கு 32 எம்பிதான், ஒரு மணி நேரம் பிடிக்கும். இமேஜ் அமுக்கப்பட்டிருப்பதால் இரண்டுமே சற்றுக் குறையும். ‘டிஸ்ம் /அப்ளை-இமேஜ்’ ஓடும்போது இடையில் ஒரு சதவீதத்தில் நெடுநேரம் நிற்பதுபோல் இருக்கும். சின்னச் சின்னக் கோப்புகள் எழுதப்படும் கட்டம் அது, அணைத்துவிடாதீர்கள். எக்ஸ்: டிரைவில் சேமித்த லாக் கோப்பு ரீஸ்டார்ட்டோடு போய்விடும், வேண்டுமானால் பேக்கப் டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

இமேஜ் இறங்கியதும் விண்டோஸ் இருக்கும், ஆனால் அதை எழுப்ப ஆள் இருக்காது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இன்னும் காலி. டபிள்யூவின் ‘சிஸ்டம்32’இல் உள்ள ‘பிசிடிபூட்’டை ஓட்டி, விண்டோஸ் ஃபோல்டரையும் ‘/எஸ் எஸ்:’ என்பதையும் கொடுங்கள். பிஇயில் இருக்கும் பிசிடிபூட்டைவிட, இறக்கிய விண்டோஸின் சொந்த பிசிடிபூட்டே சரியானது, பதிப்பு பொருந்தும். இந்த ஒரு வரியை விட்டவர்கள்தான் ‘பூட் டிவைஸ் கிடைக்கவில்லை’ என்ற திரையைப் பார்த்துவிட்டு இமேஜைக் குறை சொல்வார்கள்.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட். மதர்போர்டு மாறாததால் விண்டோஸ் ஆக்டிவேஷன் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

உள்ளே வந்தபின் மிச்சம் இருப்பவை

முதலில் மீட்புப் பார்ட்டிஷன். வாலில் விட்ட 1 ஜிபியில் மீட்பு வகைக் குறியீட்டோடு ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி என்டிஎஃப்எஸ் போடுங்கள். மீட்புக் கோப்பு சி:யின் ‘சிஸ்டம்32\ரெக்கவரி’யில் இருந்தால் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ அதை அங்கே நகர்த்திக்கொள்ளும். அங்கே இல்லையென்றால் விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவின் ‘இன்ஸ்டால் டாட் விம்’ உள்ளேயிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஏனென்றால் பழைய மீட்புப் பார்ட்டிஷன் செத்த டிஸ்க்கோடு போய்விட்டது, நாம் எடுத்த இமேஜ் சி:க்கு மட்டுமானது. மாதாந்திர இமேஜ் எடுப்பதற்கு முன்பு ‘/டிஸேபிள்’ கொடுத்துவிட்டால் கோப்பு சி:க்குள் வந்து இமேஜிலும் சேர்ந்துவிடும்; எடுத்தபின் மறக்காமல் ‘/எனேபிள்’.

சி: இப்போது பூட்டில்லாமல் இருக்கிறது. பிட்லாக்கரை மறுபடி போட்டதும் புதிய 48 இலக்கச் சாவி உருவாகும். அச்சிட்டு வைத்த பழைய காகிதம் இந்த டிஸ்க்குக்குப் பொருந்தாது. பழையதைக் கிழித்துவிடவும் வேண்டாம். முந்தைய டிஸ்க் உயிர்த்தெழுந்தால் அதற்கு அதுதான் சாவி.

பென்டிரைவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மூன்று விவரம் எழுதுங்கள்: எந்தக் கணினிக்கு, ஏடிகே பதிப்பு எது, கடைசியாக எந்தத் தேதியில் இமேஜ் எடுக்க எழும்பியது. செய்த தேதியை எழுதத் தேவையில்லை.